பட்டப்பகலில் எரியும் விளக்குகள்

நண்பகல் பன்னிரண்டு மணி. வெளியே வெயில் கொளுத்துகிறது. கண்ணாடிச் சுவர் போர்த்திய அலுவலகத்துக்குள் திரைச்சீலைகள் எல்லாம் இறங்கிக் கிடக்கின்றன. மேலே எல்இடி பேனல்கள் வரிசையாக எரிகின்றன. சென்னையோ பெங்களூரோ, பல ஐ.டி. வளாகங்களில் அன்றாடம் காணும் காட்சி இது.

காலை ஒன்பது மணிக்குக் கிழக்கு வெயில் மானிட்டரில் விழுகிறது. ஜன்னலோரம் இருப்பவர் எழுந்து திரைச்சீலையை இறக்குகிறார். பதினோரு மணிக்கெல்லாம் வெயில் விலகிவிடும். ஆனால் அதற்குள் அவர் வேலையில் மூழ்கியிருப்பார். இறக்கிய சீலை இறக்கியபடியே இருக்கும். விளக்குகள் மாலைவரை எரியும்.

அவர்மேல் குற்றமில்லை. படிக்கவும் தட்டச்சு செய்யவும் மேசையில் 500 லக்ஸ் வெளிச்சம் போதும் என்கிறது ஐரோப்பியத் தரநிலை. நேர் வெயிலோ ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். இரண்டையும் ஒரே பார்வையில் ஏந்தக் கண்ணால் முடியாது. கண் சுருங்கும், எழுத்து மங்கும், உடம்பு தானாகவே ஒரு பக்கம் சாயும். மாலையில் கழுத்து வலிக்கிறது என்று நாற்காலியைக் குறை சொல்பவர்கள், மானிட்டரில் எந்த ஜன்னலின் அல்லது விளக்கின் பிம்பம் தெரிகிறது என்று ஒருமுறை பார்ப்பது நல்லது. மானிட்டரை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் திருப்பி வைத்தாலே பாதித் தொல்லை தீரும். அதற்குச் செலவே இல்லை.

இந்தத் திரைச்சீலைச் சிக்கலை நேருக்கு நேர் சந்தித்த கட்டடம் நியூயார்க்கில் இருக்கிறது. 2007-இல் திறக்கப்பட்ட நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் 52 மாடித் தலைமையகம் அது. வடிவமைத்தவர் இத்தாலியக் கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ. தரை முதல் உட்கூரை வரை தெளிந்த கண்ணாடி. வெளியே வெயிலை மட்டுப்படுத்தப் பீங்கான் குழல்களின் அடுக்கு. அப்படியும் கண்கூச்சம் வரும் என்று தெரிந்ததால், கட்டும் முன்பே குவீன்ஸ் பகுதியில் தங்கள் அச்சகத்தின் அருகே ஒரு தளத்தின் மூலையை மாதிரியாகக் கட்டினார்கள். லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுக்கூடம் மாதக்கணக்கில் அங்கே ஒளியை அளந்தது.

அந்தச் சோதனையிலிருந்து ஒரு தீர்வு பிறந்தது. வெயில் வரும்போது சீலை தானே இறங்கும். விலகியதும் தானே ஏறும். பகல் வெளிச்சம் உள்ளே வரவர விளக்குகள் தாமாகவே மங்கும். வேண்டாம் என்பவர் கையால் மாற்றிக்கொள்ளலாம். குடியேறிய பின் அதே ஆய்வுக்கூடம் மீண்டும் அளந்து பார்த்தது. விதிமுறையை மட்டும் எட்டும் சாதாரணக் கட்டடத்தைவிட ஆண்டு மின்பயன்பாடு 24% குறைவு.

ஆனால் சீலை ஏறினாலும் ஜன்னல் ஒளி வெகுதூரம் போகாது. ஜன்னலின் மேல் விளிம்பு எவ்வளவு உயரமோ, அதைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தூரம்தான் பயன்படும். மூன்று மீட்டர் என்றால் நாலரை முதல் ஆறு மீட்டர். அகலம் குறைந்த கட்டடமும், வெள்ளையடித்த உட்கூரையும், தாழ்ந்த தடுப்புகளும் அந்த ஒளியை வீணாக்காமல் காக்கும்.

தளத்தின் நடுவில் இருப்பவருக்கு விளக்குதான் கதி. அங்கேயும் எல்லோருக்கும் ஒரே அளவு ஒளி கொடுப்பது சரியல்ல. அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச்சேரும் ஒளி, இருபது வயதுக் கண்ணோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கணக்குப் பிரிவின் மூத்த ஊழியருக்காகத் தளம் முழுவதையும் பளிச்சென்று ஆக்கினால், பக்கத்து மேசையில் நிரல் எழுதும் இளைஞருக்குக் கண் எரியும். மேலே மிதமான வெளிச்சம், மேசைக்கு மேசை சொந்த விளக்கு என்று வைத்தால் இருவருக்கும் நிம்மதி, மின்சாரமும் மிச்சம்.

எல்இடி வந்த பிறகு விளக்குச் செலவு ஏற்கெனவே வெகுவாக இறங்கிவிட்டது. சோக்கோடு சேர்த்து 50 வாட்டை விழுங்கிய பழைய குழல்விளக்கின் இடத்தில் 20 வாட் எல்இடி குழல் வேலை செய்கிறது. சிக்கல் இப்போது வாட்டைவிட ஸ்விட்சில்தான் அதிகம். எத்தனையோ அலுவலகங்களில் தளம் முழுவதற்கும் இரண்டே ஸ்விட்சுகள். இரவு எட்டு மணிக்கு ஒருவர் மட்டும் அறிக்கை முடித்துக்கொண்டிருந்தாலும் ஐம்பது விளக்குகள் எரியும். ஜன்னலோர வரிசையைத் தனி இணைப்பில் போடுங்கள் என்று வயரிங் நாளில் எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிவிட்டால் சில நூறு அடி வயரோடு வேலை முடியும். குடியேறிய பின் நினைவு வந்தால், ஃபால்ஸ் சீலிங்கைப் பிரிக்க வேண்டும்.