நனைந்த சட்டையுடன் மலையிறங்குதல்

1988ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5ஆம் தேதி, இத்தாலி தேசத்தின் வடக்கே, ஆல்ப்ஸ் மலையில் 2,600 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலுள்ள காவியா கணவாயில் பனி கொட்டிக்கொண்டிருக்க, அந்நாட்டின் பிரசித்தி பெற்ற சைக்கிள் பந்தயமாகிய ஜீரோ தித்தாலியாவில் கலந்துகொண்ட வீரர்கள் மண்ணும் சேறுமான பாதையில் மேலேறிச் சென்றார்கள். எல்லோருக்கும் முந்தி உச்சியை எட்டியவர், அரைக்கைச் சட்டையோடு ஏறிவந்த ஹாலந்துக்காரர் யோஹான் வான் டெர் வெல்டே. ஆனால் இறக்கத்தில் அதிக தூரம் போவதற்குள் அவருடைய சரீரம் விறைத்துவிட்டது. வண்டியை விட்டிறங்கி ஒதுங்க இடம் தேடிய அவர், முடிவில் முக்கால் மணி நேரத்துக்கும் அதிகமாகப் பின்தங்கினார். உச்சியை நெருங்கும்போதே கம்பளிக் குல்லாயும் மழைச்சட்டையும் தரித்துக்கொண்ட அமெரிக்கர் ஆண்டி ஹாம்ப்ஸ்டனோ அன்று இரண்டாவதாக வந்து, சில நாட்களுக்குப் பின் அந்தப் பந்தயத்தையே ஜெயித்தார்.

ஏற்றத்தில் உறைக்காத குளிர் இறக்கத்தில் மட்டும் ஏன் அப்படித் தாக்கவேண்டும்? மிதிக்கிறவனுடைய தசைகள் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. மீதி முழுவதும் உஷ்ணமாகிறது. ஆகவே 150 வாட் சக்தி சக்கரத்துக்குப் போகும்படி உழைத்து ஏறுகிறவன், நூறு வாட் பல்புகள் நான்கைந்தை உடம்புக்குள் எரியவிட்டவன்போல் வெந்து வியர்க்கிறான். உச்சி தாண்டியதும் கால் ஓய்கிறது, விளக்குகள் அணைகின்றன, வியர்வை மட்டும் தங்கிவிடுகிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாவதற்குச் சுமார் 580 காலரி உஷ்ணம் வேண்டும். அதைக் கருணையின்றி நம் தோலிடமிருந்தே அது வசூலித்துக்கொள்கிறது. போதாக்குறைக்குக் காற்றைக்காட்டிலும் தண்ணீர் இருபது மடங்குக்கு மேல் உஷ்ணத்தைக் கடத்துவதால், நனைந்த பருத்திச் சட்டை அணிவது, ஒன்றும் அணியாதிருப்பதைவிட மேலானதா என்பதே சந்தேகம்.

இதற்குமேல் வேகம் உண்டாக்கும் காற்று. அண்டார்க்டிகாவில் பால் சைப்பிள், சார்லஸ் பாஸல் என்ற இருவர், தண்ணீர் நிரப்பிய உருளையைக் காற்றில் தொங்கவிட்டு அது உறைய எடுக்கும் நேரத்தை அளந்ததிலிருந்து, காற்று வீசினால் குளிர் எவ்வளவு அதிகமாக உறைக்கும் என்ற கணக்கு பிறந்தது. இப்போது வழங்கும் சூத்திரப்படி, பூஜ்ய டிகிரிக் குளிரில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று முகத்தில் மோதினால், அது மைனஸ் ஆறு டிகிரிக்கும் கீழே போன குளிராக உறைக்கும்.

1976இல் கலிபோர்னியாவின் டமால்பைஸ் மலை வட்டாரத்துச் சரிவுகளில் பழைய சைக்கிள்களை உருட்டி மலைச் சைக்கிள் விளையாட்டை வளர்த்த இளைஞர்கள் ஜீன்ஸும் கனத்த சட்டையுமாகவே இறங்கினார்கள். அங்குள்ள சீதோஷ்ணம் அதை மன்னித்தது. பனிப்பிரதேசம் மன்னிப்பதில்லை. அங்கே உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளியையே நான் சிபாரிசு செய்வேன். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் ஒளித்துக்கொண்டும், தொட்டால் உலர்ந்ததுபோலிருக்கும் சாமர்த்தியம் அதற்குண்டு. அதன்மேல் காற்றைச் சிறைப்பிடிக்கும் ஓர் உடுப்பு. காற்றை மறிக்கும் மேற்சட்டையோ ஏற்றத்தில் பைக்குள்ளும் இறக்கத்தில் உடம்பின்மேலும் இருக்கவேண்டியது. வீட்டு வாசலிலேயே கதகதப்பாக இருக்கிறவன் அதிகம் உடுத்திவிட்டான் என்று அர்த்தம். பத்து நிமிஷ மிதிப்பில் அவன் நனைந்துவிடுவான்.

விரல்களின் சங்கடம் வேறு. நடுவுடம்பு குளிர்ந்தால், இருதயத்தையும் மூளையையும் காப்பாற்றும் பொருட்டுச் சரீரம் கைகால்களுக்குப் போகும் இரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. எனவே விரல் மரத்தவனுக்குக் கையுறையோடு மார்புக்கும் ஒரு சட்டை தேவைப்படலாம். இறுக்கமான பூட்ஸுக்குள் இரண்டு ஜோடிக் காலுறைகளைத் திணிப்பவர்கள், இரத்தத்தையும் காற்றையும் ஒருங்கே வெளியேற்றிவிட்டுக் கால் சில்லிடுகிறதென்று குறைப்படுகிறார்கள். பிரேக்கைப் பிடிக்கவேண்டிய விரல் மடங்க மறுப்பதுதான் இதில் மெய்யான அபாயம்.

நவீன உடுப்புகள் வருவதற்கு முன், ஐரோப்பியப் பந்தயக்காரர்கள் கணவாயின் உச்சியில் நிற்கும் ஜனங்களிடம் பழைய செய்தித்தாளை வாங்கிச் சட்டைக்குள் மார்போடு செருகிக்கொண்டு இறங்குவார்கள். காற்றை அது மறித்தது. வியர்வையையும் கொஞ்சம் உறிஞ்சியது. அடிவாரம் சேர்ந்ததும் உருவி எறிந்துவிட முடிந்தது. விலையுயர்ந்த மேற்சட்டைகள் மலிந்த பின்னும் இந்த வழக்கம் அடியோடு ஒழிந்துவிடவில்லை.