பந்தயக் காருக்கும் ஊர் முகம் வேண்டும்

திருப்பதியிலிருந்து நாகலாபுரம், ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் வழியாகச் சென்னைக்குப் போகிற பஸ், ஜனப்பன்சத்திரம் கூட்டு ரோட்டில் வலப்பக்கம் திரும்பி, செங்குன்றத்தை எட்டுவதற்கு முன் சோழவரத்தைக் கடக்கிறது. சோழவரம் என்றதும் பலருக்கு ஏரிதான் நினைவுக்கு வரும். வயது ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். அதுதான் மோட்டார் பந்தயம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்று அங்கே இருந்தது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த ஓடுபாதையில் பல்லாண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பின் சொந்தப் பாதை திறக்கப்பட்ட பிறகு பந்தயம் அங்கே போய்விட்டது. ராணிப்பேட்டை, காஞ்சிபுரம் வழியாகச் சென்னைக்குப் போகும் சித்தூர்க்காரர்கள் அந்தப் பாதைக்குப் பக்கத்தில்தான் போகிறார்கள்.

சோழவரத்தில் வெளிநாட்டு ஒற்றை இருக்கைக் கார்களும் ஓடின. அவற்றைப் பார்த்து ஜனங்கள் வியந்தார்கள். ஆனால் பியட், ஹெரால்டு, அம்பாஸடர் ஓடியபோது சேர்ந்து கத்தினார்கள். காரணம் எளிது. முதலாளி வீட்டு வாசலில் நிற்கும் கார், ஸ்டேஷனில் சவாரிக்குக் காத்திருக்கும் டாக்ஸி, பட்டறையில் தாங்கள் கழற்றி மாட்டிய வண்டி, அதே முகத்தோடு அங்கே சீறிக்கொண்டு வந்தது.

இப்படிப்பட்ட பந்தயத்தில் ஓடும் கார், தொழிற்சாலையிலிருந்து வந்த பாடியுடனேயே ஓட வேண்டுமா? அல்லது வேகத்துக்கு ஏற்றபடி வெட்டி, ஒட்டி, புது உருவம் கொடுக்கலாமா? உலகெங்கும் பந்தயக்காரர்களிடையே நெடுநாளாக நடந்து வரும் வழக்கு இது.

காற்று கேட்கும் விலை

பாடியை மாற்றத் துடிப்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. எதிர்காற்றில் குடையை விரித்துக்கொண்டு சைக்கிள் மிதித்தவருக்கு அது விளங்கும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகிறது. அந்தத் தடையை வெல்ல என்ஜின் எட்டு மடங்கு சக்தி தர வேண்டியிருக்கிறது. என்ஜினைப் பிரித்து மாதக்கணக்கில் பாடுபட்டுப் பெறுகிற லாபத்தை, முன்பக்கத்தைச் சரிவாக்கிப் பின்னால் ஓர் இறக்கை வைத்துச் சுலபமாகப் பெற்றுவிடலாம். இரும்பு பானெட்டை எடுத்துவிட்டு பைபர் பானெட் போட்டால் எடையும் குறையும்.

ஆனால் இந்தச் சுலபத்துக்கு விலை உண்டு. ஹெரால்டு போன்ற கார்களில் சேஸிஸ் தனி, பாடி தனி. லாரிக்கு பாடி கட்டும் இடத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. சேஸிஸ் மொட்டையாக வந்து நிற்கும். மேலே எப்படி வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். பியட்டும் அம்பாஸடரும், பின்னால் வந்த மாருதி 800ம் அந்த ஜாதி அல்ல. அவற்றில் பாடிதான் எலும்புக்கூடு. தகட்டை வெட்டினால் சட்டையைக் கத்தரிப்பதாக நினைக்கக் கூடாது. விலா எலும்பை அறுப்பதாக நினைக்க வேண்டும். அறுத்த இடத்தைச் சரியாகப் பலப்படுத்த நல்ல கணக்குத் தெரிந்த என்ஜினீயர் வேண்டும், கை நிறையப் பணமும் வேண்டும்.

அங்கேதான் சிக்கல் வருகிறது. கார்புரேட்டரைச் சீர் செய்வதிலும், சிலிண்டர் ஹெட்டைச் சீவி அழுத்தத்தைக் கூட்டுவதிலும் சிறு பட்டறை மெக்கானிக் பணக்காரனோடு போட்டி போடலாம். அது கைவேலை. காற்றோட்டத்தைச் சோதித்து பாடி செய்வது பணவேலை.

அமெரிக்கா கற்ற பாடம்

இந்த வழக்கின் முழுக் கதையும் அமெரிக்காவில் இருக்கிறது. கடையில் விற்கும் கார்களை வைத்துப் பந்தயம் நடத்த நாஸ்கார் என்ற சங்கம் 1948இல் தோன்றியது. 1949 ஜூன் 19ஆம் தேதி சார்லட் நகரில் நடந்த முதல் பெரிய பந்தயத்தில் முதலில் வந்தவர் க்ளென் டன்னவே. பந்தயம் முடிந்ததும் பரிசோதகர்கள் வண்டிக்கு அடியில் பார்த்தார்கள். பின்பக்க ஸ்பிரிங்கில் கைவேலை நடந்திருந்தது. வெற்றி பறிக்கப்பட்டு, லிங்கன் கார் ஓட்டிய ஜிம் ரோப்பருக்குப் போனது. மேலே முகம் அப்படியே இருந்தாலும் உள்ளே வேறாக இருக்கலாம் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது.

இருபது ஆண்டுக்குப் பிறகு முகமே மாறத் தொடங்கியது. 1969இல் டாட்ஜ் கம்பெனி கூரிய மூக்கும் உயரமான பின் இறக்கையும் கொண்ட சார்ஜர் டேடோனாவைக் கொண்டுவந்தது. மறு ஆண்டு பிளிமத் கம்பெனியின் சூப்பர்பேர்டு வந்தது. 1970 மார்ச்சில் பட்டி பேக்கர் டேடோனா காரில் மணிக்கு 200 மைல் வேகத்தைத் தாண்டினார். கடையிலும் விற்றால்தான் பந்தயத்தில் ஓடலாம் என்பது விதி. ஆகவே அந்த மூக்கையும் இறக்கையையும் வைத்துக் கடைக்கும் வண்டி வந்தது. வாங்க ஆள் குறைவு. பல வண்டிகள் விலை போகாமல் கிடந்தன. 1971இல் இறக்கை வைத்த கார்களுக்குச் சிறிய என்ஜின்தான் என்று சங்கம் கட்டுப்பாடு போட்டது, இறக்கை மறைந்தது.

அதற்குப் பிறகும் கதை தொடர்ந்தது. காலப்போக்கில் அங்கே பந்தயக் காருக்கும் கடைக் காருக்கும் பெயர் மட்டுமே ஒன்றாக இருந்தது. முன் விளக்குகூட வெறும் ஸ்டிக்கர்! 2007இல் எல்லாக் கம்பெனிக்கும் கிட்டத்தட்ட ஒரே உருவமுள்ள புது வண்டி வந்தது. ஓட்டுபவரின் உயிருக்கு அது கூடுதல் பாதுகாப்பு என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் எது எந்தக் கம்பெனி வண்டி என்றே தெரியவில்லை என்று ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். 2013இல் கடைக் காரின் சாயல் மறுபடி கொண்டுவரப்பட்டது. எத்தனையோ கோடி செலவழித்து அவர்கள் தேடிப் போனது, சோழவரத்துக் கூட்டத்துக்கு இலவசமாகக் கிடைத்ததைத்தான்.

கோவை சொன்ன வேறு வழி

பாடியை மாற்றவே கூடாது என்று இதற்கு அர்த்தமா? கோவையைச் சேர்ந்த எஸ். கரிவர்தன் வேறு வழி காட்டினார். மாருதி 800ன் என்ஜினையும் பாகங்களையும் எடுத்து, தாமே வடிவமைத்த ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியில் பொருத்தினார். 1980களின் இறுதியில் வந்த அந்த பார்முலா மாருதி, உருவத்தில் கடைக் காரோடு துளியும் ஒட்டவில்லை. ஆனால் போட்டியில் எல்லோருக்கும் அதே உருவம், அதே என்ஜின். பாகங்கள் ஊர்க் கடையில் கிடைப்பவை. நரேன் கார்த்திகேயன் இளம் வயதில் பழகியது அந்த வண்டியில்தான். 2005இல் அவர் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். 1995இல் விமான விபத்தில் மறைந்த கரிவர்தனின் பெயரைக் கோவை செட்டிபாளையத்துப் பந்தயப் பாதை தாங்கி நிற்கிறது.

ஆகவே நேர்மையான வழிகள் இரண்டு. ஒன்று, எல்லோரும் தொழிற்சாலை பாடியோடு ஓடுவது. மற்றது, எல்லோருக்கும் ஒரே புது பாடி கொடுப்பது. இரண்டிலும் பணக்காரன் காற்றை விலைக்கு வாங்க முடியாது. இடைப்பட்ட வழியான "அவரவர் வசதிக்கு ஏற்றபடி வெட்டிக்கொள்ளலாம்" என்பதுதான் சிறு பட்டறையை விரட்டிவிடும்.

ஊர்க் கார்களின் பந்தயத்துக்கு முதல் வழியே பொருத்தம். தேசிய சாம்பியன்ஷிப்பில் டூரிங் கார்களோடு சூப்பர் ஸ்டாக் என்ற பிரிவும் வந்தது இந்த நோக்கத்துக்கு ஒத்ததே. வெளித்தோற்றம் மாறாவிட்டால் பரிசோதகர் கண்ணாலேயே பாதியைக் கண்டுபிடித்துவிடலாம். மோதி நசுங்கிய பம்பருக்கும் மட்கார்டுக்கும் பழைய சாமான் கடையில் மாற்று கிடைக்கும். ஆனால் உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு, தோள்வார் பெல்ட், தீயணைப்புக் கருவி, பத்திரமான பெட்ரோல் டாங்க் ஆகியவற்றில் "கம்பெனி கொடுத்தபடியே" என்ற பேச்சுக்கே இடம் தரக் கூடாது. முகம் பழையதாக இருக்கட்டும்; உயிர்க் காப்பு புதியதாக இருக்கட்டும்.

மலைப் பாதை பந்தயப் பாதை அல்ல

சித்தூர், திருப்பதி வட்டாரத்துத் தமிழ் வாலிபர்கள் பலர் மெக்கானிக்குகளாகவும், டிரைவர்களாகவும், ஸ்ரீசிட்டி தொழிற்சாலைகளில் ஊழியர்களாகவும் இருக்கிறார்கள். பந்தயக் காரைப் பார்த்துத் தங்கள் வண்டிக்கும் இறக்கை மாட்ட ஆசைப்படுவது வயதின் இயல்பு. ரோட்டில் ஓடும் வண்டிக்கு அந்த ஆசை ஆகாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கம்பெனி பதிவு செய்த அமைப்பை இஷ்டம்போல் மாற்றத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. பந்தயத்தில் நேர்ந்த சேதத்துக்குச் சாதாரண இன்ஷூரன்ஸ் பணம் தராது. திருமலை மலைப் பாதையில் ஏற இத்தனை நிமிடம், இறங்க இத்தனை நிமிடம் என்று தேவஸ்தானம் கணக்கு வைத்திருப்பதும் வேகத்துக்குக் கடிவாளம் போடத்தான்.

ஆசையை அடக்க வேண்டியதில்லை. இடம் மாற்றினால் போதும். பந்தயம் ஓட இந்திய மோட்டார் விளையாட்டுச் சம்மேளனத்தின் லைசென்ஸ் வேண்டும். அது இல்லாதவருக்கும் பந்தயப் பட்டறையில் ஸ்பானர் பிடிக்க இடம் உண்டு. வெற்றிக் கோப்பையை ஓட்டியவர் தூக்கிக் காட்டுவார். எந்த நட்டை எவ்வளவு முறுக்கினால் வண்டி ஜெயிக்கும் என்பது மெக்கானிக்குக்குத்தான் தெரியும்.

நாளை பந்தயத்தில் ஜெயித்த வண்டியைக் காட்டி, "நம்ம பட்டறையில் தினமும் வந்து நிற்கிற வண்டிதான் இது" என்று ஒரு தொழிலாளி தன் மகனிடம் சொல்ல முடிய வேண்டும். அதற்காகவாவது அந்த முகம் மாறாமல் இருக்கட்டும்.