பம்பும் குழாயும்

ஸ்ரீபெரும்புதூரை ஒட்டி, சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் இருக்கிறது பென்னலூர். சுற்றிலும் தொழிற்சாலைகள். அவற்றுள் ஒன்றில் பம்பு ஒன்று குழாயில் தண்ணீரைத் தள்ளுவதாக வைத்துக்கொள்ளுங்கள். குழாயில் அழுத்தம் மிகுந்தால் என்ன செய்யலாம்? பம்பின் வேகத்தைக் குறைக்கலாம். அல்லது அகலமான குழாயைப் பொருத்தலாம். நம் உடலில் இதயம்தான் பம்பு. இரத்தக் குழாய்களோ தாமே சுருங்கி விரியக் கூடியவை.

பயமோ கோபமோ வந்தால் அட்ரினலின் என்ற பொருள் இரத்தத்தில் கலக்கிறது. அது சாவி போன்றது. அதற்கேற்ற பூட்டுகள் உடலில் இரு வகை என்று 1948இல் அமெரிக்க அறிஞர் ஆல்குவிஸ்ட் கூறினார். 'ஆல்ஃபா' பூட்டு திறந்தால் இரத்தக் குழாய் சுருங்கும். இதயத்திலுள்ள 'பீட்டா' பூட்டு திறந்தால் துடிப்பு விரையும். தசைகளின் இரத்தக் குழாய்களிலும் பீட்டா பூட்டுகள் உண்டு; அவை திறந்தால் குழாய் விரியும்.

பீட்டா பூட்டை அடைத்துவிட்டால்? ஜேம்ஸ் பிளாக் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் 1960களில் புரோப்ரனலால் மருந்தை உருவாக்கினார். 1988இல் நோபல் பரிசும் பெற்றார். இம்மருந்து இதயத்தை நிதானமாகத் துடிக்க வைக்கிறது. ஆனால் குழாய்களை விரிக்கும் பூட்டையும் சேர்த்து அடைத்துவிடுகிறது! அதனால் சிலருக்குக் கைகால்கள் சில்லிட்டுப் போகும். அட்டெனலால் பெரும்பாலும் இதயத்தின் பூட்டுகளையே அடைக்கிறது, குழாய்களை விரிப்பதில்லை. கார்வெடிலால் ஆல்ஃபா பூட்டையும் அடைப்பதால் குழாய்கள் தளர்கின்றன. நெபிவொலால் வேறு வழியில் செல்கிறது: குழாயின் உட்சுவரிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு வாயுவை வெளிவரச் செய்து, குழாயை விரிக்கிறது.

இந்த வேறுபாடு முக்கியமா? ஆம். அட்டெனலால் சார்ந்த சிகிச்சையையும் அம்லோடிபின் சார்ந்த சிகிச்சையையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2006இல் வெளியாயிற்று. கையில் அளந்தபோது இரு பிரிவினருக்கும் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் இதயத்தை அடுத்த பெருந்தமனியில், அட்டெனலால் பிரிவினருக்கு மேல் அழுத்தம் சுமார் 4 மி.மீ. கூடுதலாக இருந்தது! காரணம் என்ன? நாடித் துடிப்பின் அலை, குழாய்கள் கிளைக்கும் இடங்களில் மோதித் திரும்புகிறது. துடிப்பு மெதுவானால், ஒவ்வொரு துடிப்பும் சற்று நீள்கிறது. அது முடியுமுன்னே திரும்பும் அலை வந்து சேர்ந்து, அழுத்தத்தைக் கூட்டுகிறது.

எனவே இரத்த அழுத்தம் மட்டும் உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் பொதுவாக வேறு மருந்துகளையே முதலில் தருகிறார்கள். மாரடைப்பு வந்தவர்களுக்கும், இதயம் பலவீனமானவர்களுக்கும் பீட்டா அடைப்பான்கள் இன்றும் நல்ல துணை.

உங்கள் பாட்டியின் மாத்திரை அட்டையைப் பாருங்கள். பெயர் 'லால்' என்று முடிகிறதா? அப்படியானால் இரண்டை நினைவில் வையுங்கள். அதைத் திடீரென நிறுத்தினால் இதயம் படபடத்து ஆபத்து நேரலாம். அடுத்த வீட்டுத் தாத்தாவுக்கு அதைக் கொடுக்கவும் கூடாது. அவருக்கு ஆஸ்துமா இருந்தால் மூச்சுத் திணறும். பெயரின் முடிவு ஒன்றானாலும், மாத்திரைகளின் வேலை ஒன்றல்ல!