பாட்டு வாத்தியாரைத் தேடும் பறவை

மரத்தில் ஏதாவது கத்தினால், "அது என்ன பறவை?" என்று ஓடிப்போய்ப் பார்க்கிற ஆளா நீ? சபாஷ்! அப்படியானால் இந்தப் பறவை உனக்குப் பிடிக்கும்.

ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கில் யூகலிப்டஸ் காடுகள் உண்டு. ஊட்டியில் தைலம் காய்ச்சுகிறார்களே, அந்த மரத்தின் சொந்தக்கார மரங்கள்தான். அவை பூத்ததும் தேன் குடிக்க வரும், ரீஜண்ட் தேனுண்ணி.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? மைனாவைவிடக் கொஞ்சம் சிறியது. தலையும் கழுத்தும் கன்னங்கரேல். மார்பில் வெளிர்மஞ்சளும் கறுப்பும் செதில் செதிலாகத் தெரியும். சிறகிலும் வாலிலும் பளிச்சென்று மஞ்சள். இப்போது கண்ணைப் பார். சுற்றிலும் இறகே இல்லை, பருப்பருவாக வெறும் தோல்! இதைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

நாக்கு இன்னும் அதிசயம். நுனி மெல்லிய இழைகளாகப் பிரிந்திருக்கும். பூவுக்குள் ஓர் ஒற்று ஒற்றினால் போதும், தேன் ஏறிவிடும்.

இதுவரை புரிந்ததா? சரி, இனி காதால் கண்டுபிடிப்போம். இங்கேதான் சிக்கல்.

நீ பேசக் கற்றது எப்படி? பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுத்தானே? இந்தப் பறவையும் அப்படித்தான் பாடக் கற்கிறது. ஆனால் அப்பாவிடம் இல்லை. கூட்டில் குஞ்சு இருக்கும்போது அப்பா பாடுவதில்லை. பாடினால் எதிரிகளுக்குக் கூடு இருக்கும் இடம் தெரிந்துவிடுமே! அதனால் குஞ்சு வெளியே பறந்துபோய், வேறு ஆண் பறவைகள் பாடுவதைக் கேட்டுக் கற்க வேண்டும்.

அந்த வாத்தியார்கள் எங்கே? வயலுக்கும் ஆட்டு மேய்ச்சலுக்கும் காட்டை வெட்டியதால், இன்று காட்டில் மிஞ்சியிருப்பவை சில நூறு பறவைகள்தான். பாட ஆள் இல்லாத இடத்தில் வளரும் குஞ்சு என்ன செய்யும், சொல் பார்க்கலாம்?

சரியாகச் சொன்னாய்! காதில் விழும் வேறு பறவையின் பாட்டைப் பிடித்துக்கொள்ளும். ஏறக்குறைய நூற்றில் 12 ஆண் பறவைகள் இப்படி வேற்றுப் பாட்டுப் பாடுவதாக ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2021இல் எழுதினார்கள். அப்படிப் பாடுகிற ஆணுக்கு ஜோடி கிடைப்பதும் கடினம். எனக்கு இது மிகவும் வருத்தமான செய்தி.

சிட்னியின் டரோங்கா உயிரியல் பூங்காவில் 1995 முதல் இந்தப் பறவைகளை வளர்க்கிறார்கள்; பின்னர் காட்டிலும் விடத் தொடங்கினார்கள். இப்போது அங்கே பாட்டு வகுப்பும் நடக்கிறது! பதிவுசெய்த பாட்டைக் குஞ்சுகளுக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். காட்டிலே பிறந்த ஆண் பறவைகளையே வாத்தியாராகப் பக்கத்தில் வைத்தும் கற்றுத்தருகிறார்கள்.