பழைய புல்லட்டை வீட்டிலேயே பராமரிக்கலாம்

திருவனந்தபுரத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில், வீட்டின் பின்புறம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் ஓடாமல் நிற்பதைக் காணலாம். பெரும்பாலும் அது அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய புல்லட்டாக இருக்கும். பிள்ளைகள் வளைகுடாவிலோ பெங்களூரிலோ இருப்பார்கள். ஓட்ட ஆள் இல்லை, விற்கவும் மனமில்லை. கடைசியில் ஒரு நாள் ஆக்ரிக் கடைக்காரர் வந்து எடை போட்டு எடுத்துச் சென்றுவிடுவார். இந்த முடிவைத் தவிர்க்க முடியுமா என்று சங்க நண்பர்கள் சிலர் கேட்டார்கள். ரயில்வேயில் இயந்திரப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், ஓய்வுக்குப் பின் இத்தகைய வண்டிகளைப் பிரித்துப் பூட்டுவதையே பொழுதுபோக்காகக் கொண்டவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததைக் கூறுகிறேன்.

சென்னையில் வளர்ந்த ஆங்கில வண்டி

ராயல் என்ஃபீல்டு நிறுவனம் இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நகரில் இருந்தது. இன்று நாம் அறிந்த வடிவிலான 350 சி.சி. புல்லட் 1949இல் விற்பனைக்கு வந்தது. எல்லைக் காவலுக்கு ஏற்ற வண்டி என்று நம் இராணுவம் அதைத் தேர்ந்தெடுத்தது. 1955இல் ரெட்டிட்ச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். 1957இல் உற்பத்திக் கருவிகளும் வந்தன. 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் சென்னையை அடுத்த திருவொற்றியூரிலேயே தயாராயின. இங்கிலாந்தில் உற்பத்தி 1970இல் நின்றுபோனது. 1977இல் சென்னையில் செய்த புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது.

இந்த வரலாற்றால் நமக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. 70 மி.மீ. விட்டமும் 90 மி.மீ. ஓட்டமும் கொண்ட அந்த 346 சி.சி. எஞ்சின், சிறு சிறு மாற்றங்களுடன் ஏறத்தாழ 2010 வரை இங்கே தயாரானது. ஆகவே நார்ட்டன், டிரையம்ஃப், பி.எஸ்.ஏ. வைத்திருப்பவர்களைப் போல உதிரிபாகத்துக்கு வெளிநாட்டை நம்பியிருக்க வேண்டிய அவசியம் புல்லட்காரர்களுக்கு அதிகம் இல்லை.

முதல் பாடம்: மரை

பழைய வண்டியை வயது கெடுப்பதைவிடத் தவறான ஸ்பேனரும் தவறான போல்ட்டும் கெடுப்பதே அதிகம். காரணத்தைச் சற்று விளக்க வேண்டும்.

அக்கால ஆங்கில இயந்திரங்களில் மரைகள் அங்குலக் கணக்கில் வெட்டப்பட்டவை. 1841இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த மரையின் கோணம் 55 டிகிரி. அதே கோணத்தில் நெருக்கமாக வெட்டியது பி.எஸ்.எஃப். மரை. சைக்கிள் மரை என்று மற்றொன்று உண்டு. அதன் கோணம் 60 டிகிரி, அங்குலத்துக்குப் பெரும்பாலும் 26 சுற்று. இன்று சாலைக் கடைத்தெருவில் நாம் கேட்டால் எளிதில் கிடைப்பதோ மில்லிமீட்டர் போல்ட்.

ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ. கையில் உள்ள 8 மி.மீ. போல்ட்டும் கண்ணுக்கு அதே போலத் தெரியும். ஆனால் 5/16 பி.எஸ்.எஃப். மரையில் அங்குலத்துக்கு 22 சுற்று, 8 மி.மீ. போல்ட்டில் சுமார் 20 சுற்று. இரண்டு மூன்று சுற்று இறங்கியதும் இறுகும். அப்போது ஸ்பேனரில் குழாயை மாட்டித் திருகினால், அலுமினிய கிராங்க்கேஸில் உள்ள மரை அப்படியே உரிந்து வந்துவிடும். நண்பர் ஒருவரின் வண்டி ஒரு பட்டறைக்குப் போய் இப்படித்தான் திரும்பி வந்தது. ஒரு போல்ட் மிச்சமாயிற்று. துளையைப் பெரிதாக்கி, புதிய மரை வெட்டி, உள்ளே கம்பிச்சுருள் மரை பொருத்த வேண்டியதாயிற்று.

ஸ்பேனரிலும் இதே சிக்கல்தான். கால் அங்குல விட்வொர்த் என்று பொறித்த ஸ்பேனரின் வாய் 13.3 மி.மீ. இருக்கும். பொறித்த எண் போல்ட்டின் விட்டத்தைக் குறிக்கிறது, தலையின் அகலத்தை அல்ல. 13 மி.மீ. ஸ்பேனர் அதில் நுழையாது, 14 மி.மீ. ஸ்பேனர் நழுவித் தலையின் முனைகளை உருட்டிவிடும். பிறகு உளியும் சுத்தியலும்தான் கதி.

ஆகவே முதலில் வாங்க வேண்டியவை ஒரு மரை அளவி, ஒரு வெர்னியர், ஒரு செட் விட்வொர்த் ஸ்பேனர். பிற்கால புல்லட்டுகளில் அங்குல மரையும் மில்லிமீட்டர் மரையும் கலந்தே இருப்பதால், ஒவ்வொரு போல்ட்டையும் அளந்து பார்ப்பதே நல்லது. எந்தப் போல்ட்டையும் முதல் சில சுற்றுகள் விரலால் மட்டுமே திருகுங்கள். விரலுக்கு இறங்காத போல்ட் அந்தத் துளைக்கு உரியது அல்ல.

நெடுநாள் நின்ற வண்டி

பல ஆண்டுகள் நின்ற எஞ்சினை எடுத்த எடுப்பில் உதைக்கக் கூடாது. பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரோடு துருவால் பிடித்திருக்கலாம். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே கொஞ்சம் எஞ்சின் ஆயிலும் டீசலும் கலந்து ஊற்றி, சில நாட்கள் விட்டுவிடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால் பெரும்பாலும் இளகிவிடும். பழைய ஆயிலை முழுவதும் வடித்து, ஃபில்டரை மாற்றிய பின்பே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

பிரிக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போல்ட், வாஷர்களைத் தனித்தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். தேய்ந்த பாகத்தையும் தூக்கி எறிய வேண்டாம். புதியதை வாங்கும்போது ஒப்பிட உதவும்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை மூன்று. பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து 0.35 முதல் 0.40 மி.மீ. வரை அமைக்கலாம். புஷ்ராடைச் சரிசெய்ய, எஞ்சின் ஆறியிருக்கும்போது பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சிக்குக் கொண்டுவந்து, வலப்பக்கம் உள்ள சிறு மூடியைத் திறக்க வேண்டும். புஷ்ராட் விரலால் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. கார்புரேட்டர் ஜெட்டை மண்ணெண்ணெயில் கழுவிக் காற்றால் ஊதலாம். கம்பியை விட்டுக் குத்தினால் துளையின் அளவு மாறிவிடும்.

பேட்டரியை இணைக்கும் முன் எந்த முனை எர்த் என்று பாருங்கள். 1950களின் ஆங்கில வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனையே எர்த். வழக்கமான பழக்கத்தில் மாற்றி இணைத்தால் ரெக்டிஃபையர் போய்விடும்.

கடற்காற்றும் பெட்ரோலும்

நம் நகரத்தின் கடற்காற்றும், இடவப்பாதி, துலாவர்ஷம் என்று இருமுறை வரும் மழையும் இரும்புக்குப் பகை. அதோடு இப்போது பெட்ரோலில் எத்தனால் சேர்க்கிறார்கள். 2025இல் அது 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மை உடையது. அக்கால ரப்பரும் கார்க்கும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எனவே மழைக்காலத்தில் ஓட்டப் போவதில்லை என்றால் டாங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுங்கள். பெட்ரோல் குழாயை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். டாங்கில் ஓட்டை விழுந்தால் வீட்டில் வெல்டிங் செய்யவே கூடாது. காலி டாங்கில் தங்கியிருக்கும் ஆவி வெடிக்கும்.

பழைய டிரம் பிரேக்கைத் திறக்கும்போதும் எச்சரிக்கை தேவை. அக்கால பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அந்தத் தூசியை வாயால் ஊதாமல் ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். வெடிப்பு விட்ட டயரைப் பட்டன் நன்றாக இருக்கிறதே என்று வைத்துக்கொள்ளாதீர்கள். வண்டி ஓடுவதற்கு முன் நிற்க வேண்டும்.

உதைக்கும் முறை

ஆம்பியர் மீட்டர் உள்ள வண்டியில், சாவியைப் போட்டு கிக்கரை மெல்ல அழுத்தினால் முள் இடப்பக்கம் சென்று, பாயிண்ட் திறக்கும்போது நடுவுக்கு வரும். அந்த இடத்தில் டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக் கிக்கரைச் சற்றே கீழே தள்ளி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு முழுமையாக ஓர் உதை. பலம் தேவையில்லை. முறை தெரிந்த பெண்களும் எளிதாக ஸ்டார்ட் செய்வார்கள்.

ஆவணங்கள்

எஞ்சின், சேஸிஸ் எண்கள் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். 2021இல் மத்திய அரசு வகுத்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாமல் உள்ள வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். விதி வந்தபோது கட்டணம் 20,000 ரூபாய், செல்லும் காலம் 10 ஆண்டு என்று வகுத்தார்கள். எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் இருக்கும். ஆனால் அந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்ட முடியாது. தினமும் ஓட்ட விரும்புவோர் சாதாரணப் பதிவைப் புதுப்பித்து வருவதே பொருத்தம். எப்படியானாலும் பளபளப்புக்காக மூலப் பாகங்களை மாற்றிவிடாதீர்கள். பின்னால் அவையே வண்டிக்குச் சாட்சி.

அவசரம் இல்லாதவர்களுக்கு இது நல்ல வேலை. விடுமுறைக்கு வரும் பேரப் பிள்ளைகள் கையில் மரை அளவியைக் கொடுத்து ஒரு போல்ட்டை அளக்கச் சொல்லுங்கள். பள்ளியில் படித்த அங்குலமும் மில்லிமீட்டரும் அன்று அவர்களுக்கு விளங்கும். சந்தேகம் உள்ளவர்கள் சங்கக் கூட்டத்துக்கு வரும்போது கழற்றிய போல்ட்டைக் கையோடு கொண்டு வாருங்கள். அளந்து சொல்கிறேன்.