முத்துநகரில் மின்சாரக் கார்… கொட்டகையில் அம்பாசிடர்! தெரியுமா?

1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பே நடக்காத தூத்துக்குடியில் இப்போது என்ன விளைகிறது தெரியுமா? மின்சாரக் கார்! வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் 2024 பிப்ரவரியில் சிப்காட்டில் அடிக்கல் நாட்டியது. 2025 ஆகஸ்ட் 4-இல் ஆலையே திறந்தாயிற்று! 400 ஏக்கர், தொடக்கத்திலேயே ஆண்டுக்கு 50,000 கார் தயாரிக்கும் திறன். நம்மூரில் மாடி வீடு ஒன்று எழும்பவே இதைவிட நாளாகும்!

அதே ஊரின் வ.உ.சி. துறைமுகக் குடியிருப்பில் மின்வண்டிக்குச் சார்ஜ் ஏற்றவும் தெருவிளக்கு எரியவும் பசுமை ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள், தெரியுமா?

மின்சாரக் கார் நேற்று முளைத்தது என்றா நினைத்தீர்கள்? உலகில் முதன்முதலாக மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய காரே மின்சாரக் கார்தான்! 1899-இல் பெல்ஜியக்காரர் கமீல் ஜெனாட்ஸி 105.88 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தார். நான்கு ஆண்டு கழித்து, 1903-இல், சென்னை சிம்ப்சன் கம்பெனி செய்து ஓட்டியதோ நீராவிக் கார்!

சரி, ஓட்டும் சுகம்? பழைய அம்பாசிடரில் சோக்கை இழுத்து, ஸ்டியரிங்கை ஒட்டிய கியர்க் கம்பியைப் பிடித்து, எஞ்சின் சத்தத்தைக் காதால் அளந்தே கியர் மாற்ற வேண்டும். மின்சாரக் காரில் கிளட்சே இல்லை; மிதித்த நொடியில் முழு இழுவை. ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள்! நம் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யும் அதே ஹூண்டாய், 2023-இல் கொண்டுவந்த ஐயோனிக் 5 என் என்ற மின்சாரக் காரில், இல்லாத கியரை மாற்றுவதுபோல் ஒரு குலுக்கலையும், ஸ்பீக்கர் வழியே இல்லாத எஞ்சினின் உறுமலையும் தருகிறது! பழசுக்கு இதைவிட வேறு என்ன சான்றிதழ் வேண்டும்?

அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றது. அதன் பெயர் மட்டும் 2017-இல் பெஜோவுக்கு 80 கோடி ரூபாய்க்குக் கைமாறியது. வெறும் பெயருக்கு!

கொட்டகையில் நிற்கும் காருக்கும் சட்டத்தில் இடமுண்டு, தெரியுமா? 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வயது தாண்டி மூல வடிவிலேயே இருக்கும் வண்டி ‘விண்டேஜ்’. புதிதாகப் பதிந்தால் ‘வி.ஏ.’ வரிசையில் தனி நம்பர், கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய நம்பரே நீடிக்கும். கண்காட்சி, ரேலிக்கு ஓட்டலாம். தினசரி ஓட்டக் கூடாது. எஞ்சினைக் கழற்றிவிட்டுப் பேட்டரி மாட்டினால் விண்டேஜ் பட்டம் போச்சு! என்னைக் கேட்டால், அது நியாயம்தான்.

தூத்துக்குடிக்காரர்களின் பழைய காருக்கு ஒரு எதிரி கூடுதல்: உப்பளக் காற்று. கதவின் அடி ஓரத்தில் பெயின்ட் சின்னக் கொப்புளமாகக் கிளம்பும். நகத்தால் கீறினால் துருத்தூள் கொட்டும். அந்தக் கட்டத்திலேயே டிங்கரிங் ஆளைக் கூப்பிட்டால் தகடு பிழைக்கும்.

உங்கள் வீட்டில் தாத்தாவின் அம்பாசிடரோ ஃபியட்டோ நிற்கிறதா? ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரியுங்கள். எடைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள்!