நட்ட கல்லும் எழுதிய கணக்கும்

தாலுகா அலுவலகத்துக்கு வரும் மனுக்களில் 'எஃப் லைன்' மனு என்று ஒரு வகை உண்டு. என் நிலத்தின் எல்லையை அளந்து அத்துக் காட்டுங்கள் என்பதுதான் அதன் சாரம். மனு போட்டவர் எதிர்பார்ப்பது ஒரு கோடு. பக்கத்து நிலத்துக்காரர் எதிர்பார்ப்பதும் ஒரு கோடுதான், ஆனால் வேறோர் இடத்தில். இரண்டு பேருக்கும் நடுவே வந்து நிற்கும் இளம் நில அளவரிடம், சில மில்லிமீட்டர் பிசகுக்குள் தூரத்தைச் சொல்லிவிடும் டோட்டல் ஸ்டேஷன் இருக்கிறது. எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு அளக்க வேண்டும் என்பதை அந்தக் கருவி சொல்லாது. அதைச் சட்டம்தான் சொல்ல வேண்டும்.

நில அளவைப் பயிற்சிக்கு வருபவர்களில் பலர் சிவில் பட்டயமோ ஐ.டி.ஐ. சான்றிதழோ பெற்றவர்கள். கோணம், பரப்பு, வரைபடம் எல்லாம் அவர்களுக்குச் சீக்கிரம் கைவந்துவிடும். எல்லைச் சட்டம் அவ்வளவு சுலபமாகப் பிடிபடுவதில்லை. கணக்கில் பழகிய மனம், சரியாக அளந்தால் எல்லை கிடைத்துவிடும் என்று நம்புகிறது. சட்டமோ, எல்லை என்றைக்கோ போடப்பட்டுவிட்டது, அது போடப்பட்ட இடத்தைத் தேடிப் பிடிப்பதுதான் உன் வேலை என்கிறது. இந்த ஒன்று மனத்தில் ஏறிவிட்டால் மற்றப் பாடங்கள் எல்லாம் வரிசையாக விளங்கத் தொடங்கும்.

அந்தத் தேடலுக்குக் கொஞ்சம் வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். மைக்கேல் டாப்பிங்கின் யோசனையின்படி 1794-இல் சென்னைக் கோட்டையில் நில அளவைப் பள்ளி ஒன்று தொடங்கியது. இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரியின் தொடக்கம் அதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வரி போடுவதற்காக எடுத்த பைமாஷ் கணக்குகளின் எண்களை இன்றும் பழைய பத்திரங்களில் பார்க்கலாம். சென்னை மாகாணத்தில் நில அளவைக்கென்று தனித் துறை 1858-இல் வந்தது. அதற்குப் பிறகுதான் புலம் புலமாக அளந்து, கல் நட்டு, படம் வரையும் பெரும்பணி நடந்தது.

அளந்தது குண்டர் சங்கிலியால். எட்மண்ட் குண்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1620-இல் வகுத்த அமைப்பு அது. நீளம் 66 அடி, அதில் 100 லிங்க்ஸ். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர், ஆயிரம் சதுர லிங்க்ஸ் ஒரு சென்ட். வயலில் எண்ணிய எண்ணை அப்படியே ஏக்கர் சென்ட்டாக மாற்றிவிடலாம் என்பதே அதன் அழகு.

அந்த அளவையின் பலன்தான் புலப்படம். எஃப்.எம்.பி. என்றால் பலருக்குச் சட்டென்று புரியும். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு படம். அதில் முதலில் கண்ணில் படுவது, புலத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு ஓடும் நீண்ட கோடு. அதற்கு ஜி லைன் என்று பெயர். அந்தக் கோட்டின் மேல் நடந்துபோய், எல்லையில் வரும் ஒவ்வொரு வளைவுக்கும் நேராக நின்று, அங்கிருந்து வளைவு வரை எத்தனை லிங்க்ஸ் என்று செங்குத்தாக அளந்து எழுதியிருப்பார்கள். அதுதான் ஆஃப்செட். செங்கோணம் பிசகாமல் இருக்க, தலையில் இரண்டு பார்வைப் பிளவுகள் உள்ள கிராஸ் ஸ்டாஃப் என்ற எளிய கம்பு போதும். ஜி லைனில் 0, 64, 150, 238 என்று முன்னேறும் எண்களையும், இடமும் வலமுமாக 32, 41, 18 என்று விரியும் ஆஃப்செட்டுகளையும் சேர்த்து வரைந்தால் புலத்தின் உருவம் திரும்பக் கிடைத்துவிடும். முக்கோணங்களாகவும் சரிவகங்களாகவும் பிரித்துக் கூட்டினால் பரப்பும் வந்துவிடும். நம் பாட்டன் காலத்தில் வெயிலில் நின்று யாரோ எழுதிவைத்த எண்களைக் கொண்டு இன்று அதே இடத்தில் போய் நிற்க முடிகிறது. இதை நான் பெரிய காரியமாகவே நினைக்கிறேன்.

ஆனால் அந்த எண்களை எவ்வளவு தூரம் நம்பலாம்? ஒரு புலத்தை எடுத்துக்கொள்வோம். படத்தில் இரண்டு மூலைக் கற்களுக்கு இடையே 420 லிங்க்ஸ் என்றிருக்கிறது. ஒரு லிங்க் 20.1168 சென்டிமீட்டர், ஆகவே 84.49 மீட்டர். நிலத்தில் இரண்டு கற்களும் இருக்கின்றன. கருவி காட்டுவது 84.91 மீட்டர், 42 சென்டிமீட்டர் கூடுதல். முதல் கல்லிலிருந்து 84.49 மீட்டர் அளந்து ஒரு முளை அடித்துவிட்டு, இரண்டாவது கல் தள்ளி நடப்பட்டிருக்கிறது என்று எழுதிவிடத்தான் புதியவருக்குக் கை துடிக்கும். அப்படிச் செய்யக் கூடாது.

சங்கிலி என்பது இரும்புக் கம்பித் துண்டுகளையும் வளையங்களையும் கோத்தது. இழுத்து இழுத்து அளக்க, மூட்டுகள் தேயும், வளையங்கள் நீளும். முழுச் சங்கிலியில் அரை லிங்க் நீண்டுவிட்டது என்று வையுங்கள், வெறும் 10 சென்டிமீட்டர். அந்தச் சங்கிலியால் 420 என்று எண்ணிய தூரம் உண்மையில் 422.1 லிங்க்ஸ். மீட்டரில் போட்டால் 84.91. கல் நட்ட இடத்தில்தான் இருக்கிறது, பிசகு எண்ணில். இதற்கு மாறாக, கல்லையே யாராவது பிடுங்கி நகர்த்தியிருக்கவும் கூடும். இரண்டில் எது என்று எப்படித் தெரியும்? மற்றக் கற்களிலிருந்தும் அளந்து பார்க்க வேண்டும். எல்லாத் தூரமும் ஏறக்குறைய அதே விகிதத்தில் கூடியிருந்தால் சங்கிலியைச் சந்தேகிக்கலாம். அந்த ஒரு கல்லுக்கு வரும் தூரங்கள் மட்டும் இடித்தால் கல்லைச் சந்தேகிக்கலாம். பொது எல்லை பக்கத்துப் புலத்தின் படத்திலும் இருக்கும், அதையும் ஒத்துப் பார்க்க வேண்டும். கல் காணவில்லை என்றால், உழவுக்குக் கீழே புதைந்து கிடக்கிறதா என்று தோண்டிப் பார்த்த பிறகே இல்லை என்று எழுத வேண்டும்.

முதலில் நட்டபடியே நிற்கும் கல், படத்தில் எழுதிய எண்ணைவிட வலுவான சாட்சி. இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த தாமஸ் கூலி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நில அளவர்களின் நீதிப் பொறுப்பு பற்றி எழுதிய கட்டுரை அங்கே இன்றும் பயிற்சி மாணவர்கள் படிப்பது. மக்கள் பல்லாண்டுகளாக ஏற்று வாழ்ந்த எல்லைகளை, அளவு சேரவில்லை என்பதற்காக நில அளவர்கள் கலைத்துவிடுவதால் எத்தனை குடும்பங்கள் வழக்கில் விழுகின்றன என்ற கவலை அதில் தெரியும். அங்கே கவலைப்பட்டது இங்கே அப்படியே பொருந்துகிறது.

அடுத்த பாடம் பத்திரம். புலப்படம் சர்வே எண்ணோடும் உட்பிரிவோடும் நின்றுவிடும். அதற்குள் விற்று, வாங்கி, பிரித்துக்கொண்டதெல்லாம் பத்திரத்தின் சொத்து விவரத்தில் இருக்கும். சக்குபந்தி, அதாவது நான்கெல்லை, எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்: 'பொன்னுசாமி நிலத்துக்குக் கிழக்கு, பொதுப் பாதைக்கு மேற்கு, வாய்க்காலுக்குத் தெற்கு, கோயில் நிலத்துக்கு வடக்கு.' இதன்படி பொன்னுசாமி நிலம் மேற்கே இருக்கிறது, பாதை கிழக்கே, வாய்க்கால் வடக்கே, கோயில் நிலம் தெற்கே. வேறு சில பத்திரங்களில் 'கிழக்கில் பொன்னுசாமி நிலம்' என்று நேராக எழுதியிருக்கும். அவசரத்தில் ஒன்றை மற்றொன்றாகப் படித்தால் சொத்தே அடுத்த பக்கம் போய்விடும். பத்திரத்தை எழுதிய நாளின் கண்ணோடு படிக்கவும் வேண்டும். பொன்னுசாமி நிலம் இன்று மூன்றாவது கைக்குப் போயிருக்கலாம், வாய்க்காலைத் தூர்த்துத் தெரு ஆக்கியிருக்கலாம். தாய்ப் பத்திரம் வரை பின்னோக்கிப் போகாமல் நான்கெல்லையை நிலத்தில் காட்ட முடியாது.

பத்திரத்தில் 30 சென்ட் என்றிருக்கிறது, நான்கெல்லைக்குள் அளந்தால் 32 சென்ட் வருகிறது. அப்போது எதைப் பிடிப்பது? நான்கெல்லை தெளிவாக இருந்தால், பரப்பைவிட எல்லைக்கே நீதிமன்றங்கள் பொதுவாக மதிப்புக் கொடுக்கின்றன. சர்வே எண் தவறாக விழுந்தாலும் இதே போக்குதான். 1963-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் உள்ள ஒரு வழக்கில், ஏல விற்பனைச் சான்றிதழில் 1060 என்ற மனை எண் ஒரு சுழியம் விடுபட்டு 160 ஆகியிருந்தது. கணக்கு எண், பரப்பு, எல்லைகள் மூன்றும் 1060-ஐயே காட்டின. எண்ணில் நேர்ந்தது எழுத்துப் பிழை, விற்கப்பட்டது 1060-தான் என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. வாங்கியவரும் விற்றவரும் எந்த நிலத்தை மனத்தில் வைத்திருந்தார்கள் என்பதைத்தான் சட்டம் தேடுகிறது.

பயிற்சியில் இருப்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் பற்றாக்குறை. வடக்குத் தெற்காக 100 அடி என்று நம்பப்பட்ட ஒரு மனை. உரிமையாளர் முதலில் வடக்கே 60 அடியை ஒருவருக்கு விற்கிறார். சில ஆண்டுகள் கழித்து, மிச்சம் 40 அடி என்று தெற்குப் பகுதியை இன்னொருவருக்கு விற்கிறார். இப்போது அளந்தால் மொத்தமே 98.5 அடிதான். இரண்டு பேருக்கும் குறைவைப் பங்கிட்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் விற்றவர் முதல் பத்திரத்தில் 60 அடியைக் கொடுத்துவிட்ட பிறகு அவரிடம் இருந்தது 38.5 அடிதான். இல்லாத ஒன்றரை அடியை அவர் யாருக்கும் விற்க முடியாது. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது: ஒரே சொத்தில் அடுத்தடுத்து உண்டாக்கிய உரிமைகளில் முந்தியதற்கே முன்னுரிமை.

அதே மனையை அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரே நாளில், ஒரே பாகப்பிரிவினைப் பத்திரத்தில், வடக்கே 50 அடி, தெற்கே 50 அடி என்று பிரித்துக்கொண்டிருந்தால் கதை வேறு. இருவர் உரிமையும் ஒரே நேரத்தில் பிறந்தது, யாரும் முந்தியவர் இல்லை. நடுவில் கல்லோ சுவரோ எல்லையாக நிற்காத பட்சத்தில், ஆளுக்கு 49.25 அடி என்று குறைவைப் பகிர்வதே நியாயம். நிலமும் குறைவும் ஒன்றுதான். எது எப்போது எப்படிப் பிரிந்தது என்பது விடையை மாற்றிவிடுகிறது. நாடாவை விரிப்பதற்கு முன் பத்திரங்களின் தேதிகளை வரிசைப்படுத்துபவரே நல்ல அளவர் என்று நான் சொல்வேன்.

இதற்கெல்லாம் அடித்தளமாக இருப்பது 1923-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம். ஒரு பகுதியை அளக்கப் போகிறோம் என்று முதலில் அறிவிக்க வேண்டும், அக்கறையுள்ளவர்களை வரச் சொல்ல வேண்டும். தகராறு இல்லாத எல்லையை 9-ஆம் பிரிவின்படி தீர்மானித்துப் பதியலாம். தகராறு இருந்தால் 10-ஆம் பிரிவு. அதில் விசாரித்து, ஏன் இப்படி முடிவு செய்தேன் என்று காரணத்தையும் எழுத வேண்டும். அந்த முடிவில் குறை உள்ளவர் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். அளவை முடிந்ததென்று 13-ஆம் பிரிவின் கீழ் அறிவிக்கை வந்துவிட்டால், அந்தப் பதிவே எல்லைக்கு முடிவான சான்று. அதை மாற்ற வேண்டுமானால் 14-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டுகளுக்குள் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். ஓர் எல்லைக்கு இத்தனை பலம் கிடைப்பதால்தான், ஆரம்பத்தில் கொடுக்கும் அந்த அறிவிப்பு வெறும் சம்பிரதாயம் ஆகிவிடக் கூடாது. பக்கத்து நிலத்துக்காரருக்குத் தெரியாமல் அளந்த அளவு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் கேள்விக்கு உள்ளாகும்.

கல்லைக் காக்கும் பொறுப்பைப் பட்டாதாரர் மேல் அதே சட்டம் சுமத்துகிறது. அரசு நட்ட எல்லைக் குறியை அழிப்பதும் நகர்த்துவதும் குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 434-ஆம் பிரிவு அதற்கு ஓராண்டு வரை சிறை விதித்தது. இப்போது வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்தக் குற்றம் தொடர்கிறது.

இனி, நில அளவர் சொல்லக் கூடாதவை. எஃப் லைன் மனுவுக்கு அளக்கப் போகும்போது அவர் புதிதாக எதையும் தீர்மானிப்பதில்லை, முன்பே தீர்மானித்த கோட்டை நிலத்தில் மறுபடி காட்டுகிறார். கோடு இங்கே போகிறது என்று சொல்லலாம். நிலம் இவருடையது என்று சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. பட்டாவைக் காட்டி உரிமை கேட்பவர்களை ஒவ்வொரு ஊரிலும் பார்க்கலாம். பட்டா வருவாய்த் துறையின் பதிவு, உரிமை மூலத்துக்கு அது மட்டும் போதாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. 1979-இல் தொடங்கி 1987 வரை நடந்த யூ.டி.ஆர். எனப்படும் நிலவுடைமைப் பதிவேடுகள் மேம்பாட்டுப் பணியின்போது பெயரும் பரப்பும் உட்பிரிவும் மாறிப்போன பட்டாக்களின் திருத்த மனுக்கள் இன்னும் தாலுகா அலுவலகங்களுக்கு வந்துகொண்டிருக்கின்றன. வேலி புலப்படக் கோட்டைத் தாண்டி நிற்கிறதா? ஆமாம், இத்தனை மீட்டர் தாண்டி நிற்கிறது என்று படத்தில் காட்டலாம். வேலிக்காரர் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் எதிரிடை அனுபவத்தில் இருந்து உரிமை பெற்றுவிட்டாரா என்பது 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் சம்பந்தப்பட்ட கேள்வி. அதற்கு நீதிமன்றம்தான் பதில் சொல்லும். சுற்றி நிற்பவர்கள் அழுத்தம் கொடுக்கும்போது இந்த எல்லைக்குள் நிற்பதுதான், அளப்பதைவிடக் கடினமான வேலை.

இப்போது செயற்கைக்கோள் உதவியோடு டி.ஜி.பி.எஸ். கருவிகளால் அளக்கிறார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் ஆயத்தொலைவு பதிவாகிறது. கல்லைப் பிடுங்கி எறிந்தாலும் அது நின்ற இடம் தொலையாது. இது உண்மையிலேயே பெரிய முன்னேற்றம். ஆனால் மேலே பார்த்த புலத்துக்கு ஆயத்தொலைவு கொடுக்கப் போகிறவர் 84.49-இல் கொடுப்பாரா, 84.91-இல் கொடுப்பாரா? பழைய கல்லைத் தேடாமல் படத்து எண்ணை மட்டும் கணினியில் ஏற்றினால், 42 சென்டிமீட்டர் நிலம் ஒருவர் பக்கத்திலிருந்து மற்றவர் பக்கத்துக்குப் போய்விடும், அதுவும் மில்லிமீட்டர் சுத்தமாக. மறு அளவை வரும் ஊர்களில் அறிவிப்பு கைக்கு வந்த அன்றே தாய்ப் பத்திரத்தை எடுத்து வைத்துக்கொள்வதும், அளக்கும் நாளில் நிலத்தில் நேரில் நின்று பழைய கற்களைக் காட்டுவதும், கையெழுத்துப் போடும் முன் படத்தில் அந்தக் கற்கள் ஏறியிருக்கின்றனவா என்று கேட்பதும் நிலத்துக்காரர் செய்ய வேண்டியவை. மேல்முறையீட்டுக்கான மூன்று மாதக் கெடு, முடிவின் அறிவிப்பு கையில் கிடைத்த நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடும்.